எங்கே என்று கேட்காதவன்

லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை ஒரு பழைய டீசல் எஞ்சினால் வந்தது. எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்து இறங்கி, ஹவுன்ஸ்லோவில் ஒரு கடைக்கு மேலே இருந்த அறையில் நான்கு பேரோடு படுத்து, பெட்ரோல் ஷெட், பேக்கரி, ஹோட்டலில் கோப்பை கழுவுதல் என்று எல்லாம் பார்த்து முடித்தபின், பிரென்ட்ஃபோர்டில் ஆற்றோரமாக இருந்த ஒரு படகுப் பட்டறையில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. அதற்கு முதல் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் ஆறு வருடம் நின்றவன் நான். பட்டறையில் அதை ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு மெக்கானிக்குகள் மூன்று நாளாகத் தலையைச் சொறிந்துகொண்டிருந்த ஒரு எஞ்சினை, விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஓட வைத்தேன். அதன் பிறகு விளக்குமாறு வேறொருவர் கைக்குப் போயிற்று.

அன்றுதான் எனக்குக் கர்வம் வந்தது என்று சொல்ல மாட்டேன். கர்வம் முதலே இருந்தது. அன்றிலிருந்து அதற்குச் சம்பளமும் கிடைத்தது.

அந்த எஞ்சினின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஒரு பல் டாக்டர். அவரும் மனைவியும் இரண்டு பாய்மரம் வைத்த ஒரு இரும்புப் படகு வைத்திருந்தார்கள். நாற்பது வருடம் மற்றவர்களின் வாய்க்குள் பார்த்துவிட்டேன், இனித் தூரத்தைப் பார்க்க வேண்டும் என்பார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலத்தில் பட்டறைக்கு வந்து, வருகிற கோடையில் கிரீன்லாந்தின் கிழக்குக் கரைக்குப் போகிறோம், எஞ்சின் பார்க்க ஆள் வேண்டும், வருகிறீரா என்று கேட்டார். நான் யோசிக்காமல் ஓம் என்றேன். ஒரு டாக்டர் என்னிடம் ஒரு காரியத்தைக் கேட்டு வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

எனக்கு அப்போது கலியாணமாகி இரண்டு வருடம். மனைவி ஹீத்ரோவில் துப்புரவு வேலை செய்தாள். அவளுக்கு இந்தப் பயணம் பிடிக்கவில்லை.

"பனிக்கட்டி பாக்கவோ அவ்வளவு தூரம் போறியள்? பிரிட்ஜைத் திறந்தா இருக்குத்தானே" என்றாள்.

ஆனாலும் அவள்தான் அகதிப் பயணப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னோடு விசா வரிசைகளில் நின்றாள். கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே மிளகாய்த்தூள் பையை இரண்டு உறை போட்டுக் கட்டி வைத்தாள்.

புறப்பட்ட காலையில் ஒன்று நடந்தது. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் படியிறங்கி வீதிக்கு வர, கீழே கடை வைத்திருந்த எங்களூர்க்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே, "என்ன அண்ணை, மூட்டையும் முடிச்சுமா எங்கை வெளிக்கிட்டியள்?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் பின்னால் வந்த மனைவியின் முகம் கறுத்துவிட்டது. என் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனாள். சப்பாத்தைக் கழற்றி, கதிரையில் உட்கார்ந்து, அவள் தந்த தண்ணீரைக் குடித்து, மறுபடியும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு புதிதாகப் புறப்பட்டேன். காரில் காத்திருந்த டாக்டர் நான் கழிவறைக்குப் போய் வந்ததாக நினைத்திருப்பார்.

புறப்படுகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. தமிழ் வீடுகளில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கேட்டே ஆக வேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் "தூரமோ?" என்று கேட்பார்கள், அதில் குற்றமில்லை. எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை இருந்ததா என்றால், இல்லை. கப்பலில் போனவன், நான்கு நாட்டுத் துறைமுகம் பார்த்தவன். ஆனால் என் நாக்குக்கு அந்த நம்பிக்கை இருந்தது. சின்ன வயதில் ஒருமுறை வழக்குக்குப் புறப்பட்ட அப்பாவிடம் எங்கே என்று கேட்டு வாயில் வாங்கிய அடி அதற்கு நினைவிருந்தது.

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து பாய் விரித்து, ஐஸ்லாந்தில் தண்ணீரும் டீசலும் ஏற்றி, பிறகு மேற்கே திரும்பினோம். பாய்ப்படகில் எஞ்சின்காரனுக்குப் பெரிய வேலை கிடையாது. காற்று இருக்கும்வரை நான் சும்மா சாமான்தான். பெரிய கப்பல்களில் வராத வாந்தி இந்தப் படகில் வந்தது. டாக்டரின் மனைவி ஒரு வாளியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, மரியாதையாக மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு பாய்க்கயிறு இழுப்பார். ஆறு வருடக் கடல் அனுபவம் என்று டாக்டரிடம் பீற்றிக்கொண்டதை நினைத்துக் கூசிப்போனேன்.

பனிக்கட்டி வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நீலம், பச்சை, அழுக்குச் சாம்பல் எல்லாம் அதில் இருந்தன. உருகும்போது உள்ளே அடைபட்ட காற்று வெடித்து, எண்ணெய்யில் கடுகு போட்டதுபோல ஓயாமல் பொரிந்தது. கரை தெரிந்த பிறகு ஐந்து நாள் அதை ஒட்டியே போனோம். கறுத்த மலைகள் நேராகக் கடலுக்குள் இறங்கின. அவற்றுக்குப் பெயர் தெரியாததால் டாக்டர் கடைவாய்ப் பல், சொத்தைப் பல் என்று பெயர் வைத்துக் குறிப்பேட்டில் எழுதினார். ஒரு மரம் இல்லை, ஒரு புகை இல்லை. ஆளுக்கு நான்கு மணித்தியாலம் முறைவைத்து முன்னால் நின்று, மிதந்து வருகிற கட்டிகளை நீளக் கம்பால் தள்ளிவிட வேண்டும். லண்டனில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது என்பது எரிச்சலாக இருக்கும். அங்கே அதுவே நிம்மதியாக இருந்தது.

ஆறாம் நாள் ஒரு சிறிய குடாவுக்குள் அந்தக் குடியிருப்பு தெரிந்தது. சிவப்பும் நீலமும் பூசிய இருபது மரவீடுகள், ஒரு கடை, ஒரு பள்ளிக்கூடம், கட்டிப்போட்ட நாய்கள். நங்கூரம் போட்டுக் கரைக்குப் போனபோது ஊரே வந்து நின்றது. என்னைத்தான் கூடுதலாகப் பார்த்தார்கள். அவர்களில் சிலருடைய நிறம் வெயில் பட்ட என் மாமாமாருடைய நிறம்தான். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. டென்மார்க்கிலிருந்து வந்து அங்கே படிப்பித்த ஒரு ஆசிரியைக்கு மட்டும் ஆங்கிலம் நன்றாகத் தெரியும். அவர்தான் எல்லாருக்கும் வாய்.

இரண்டாம் நாள் ஒரு வேட்டைக்காரர் எங்கள் படகுக்குத் துடுப்புப் போட்டு வந்தார். என் வயதுதான் இருக்கும், நாற்பதுக்குள். கால்கள் குட்டையாக, அகன்ற நெஞ்சோடு, சிரித்தால் கண் மறைந்துவிடுகிற முகம். ஒரு பெரிய துண்டு சீல் என்கிற கடல்நாய் இறைச்சியை எங்களுக்குத் தந்துவிட்டு, தன் படகின் பின்னால் தொங்கிய வெளிமோட்டாரைக் காட்டி, கையை விரித்தார். எனக்கு அது போதும். மோட்டார் எந்த ஊரில் கெட்டாலும் அதே கை விரிப்புத்தான்.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிற பம்புக்குள் ஒரு மெல்லிய ரப்பர்த் தகடு இருக்கும். அது கிழிந்திருந்தது. புதியது வேண்டுமென்றால் அடுத்த சப்ளைக் கப்பலில் வர வேண்டும், அதுவும் சொல்லிவைத்தால்தான். இரண்டு கோடையாக அவர் அந்த மோட்டாரை அரைகுறையாக ஓட்டி, கிட்டக் கிட்டத்தான் வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

டீசல் ஏற்றும்போது டாக்டர் போடுகிற தடித்த கறுப்பு ரப்பர்க் கையுறை ஒன்று கிழிந்து ஒரு மூலையில் கிடந்தது. அதில் பழைய தகட்டை வைத்துக் கோடு கீறி, டாக்டரின் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டேன். எங்களூர்க் கரையில் சாமான் கிடைக்காத காலத்தில் வள்ளத்து மோட்டார்களுக்கு சைக்கிள் டியூப்பில் இப்படித்தான் வெட்டிப் போடுவோம். அது மூன்று மணித்தியாலம் ஓடும். அதற்குப் பிறகு ரப்பர் பெட்ரோலில் ஊறி, தண்ணீரில் போட்ட அப்பளம் மாதிரி ஆகிவிடும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். ஒரு முறை கயிற்றை இழுத்ததும் மோட்டார் பிடித்துக்கொண்டது. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேட்டைக்காரருக்குத் தெரிந்த ஆங்கிலம் நான்கைந்து சொல்தான். என் முகத்தைப் பார்த்து, "மோட்டார் குட்?" என்று கேட்டார்.

"குட்" என்றேன்.

இந்த இடத்தை நான் எத்தனையோ முறை மனதில் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறேன். கிட்டமட்டும் போ, தூரம் போகாதே என்று கையால் காட்டியிருக்கலாம். ஆசிரியையைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். ஊரே பார்த்துச் சிரிக்கிற நேரத்தில், இது தற்காலிக ஒப்பேற்றல்தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்று பின்னேரம் சீல் இறைச்சியை மிளகாய்த்தூள் போட்டுக் கறியாக்கினேன். வேட்டைக்காரரும் அவர் மனைவியும் படகுக்கு வந்து சாப்பிட்டார்கள். அந்த மனிதருக்குக் கண்ணீர் ஓடியது, ஆனாலும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். அவர் மனைவி வாயைக் கையால் விசிறிக்கொண்டே என் மனைவியின் படத்தைக் கேட்டுப் பார்த்தாள். பிறகு மற்றப் பெண்களோடு பழம் பொறுக்கவும் மீன் காயப்போடவும் குடாவின் மறுகரையில் போட்டிருந்த கூடாரத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஐந்து மணி. நல்ல வெளிச்சம். டாக்டரும் மனைவியும் கீழே படுத்திருந்தார்கள், நான் மேலே முறைக்கு நின்றேன். ஊரில் ஒரு அசைவும் இல்லை. வேட்டைக்காரர் மட்டும் கரையிலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். வேட்டைத் துவக்கு, கூடாரத் துணி, ஒரு பெட்டி, இரண்டு பெட்ரோல் கலன். மோட்டாரை இழுத்து ஓடவைத்து, நேரே எங்கள் படகுக்கு வந்து விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டார்.

இரண்டு கலன் பெட்ரோல் என்றால் தூரப் பயணம். கேள்வி வாய்வரை வந்தது. புறப்பட்டு நிற்கிற மனிதன், துவக்கோடு நிற்கிறான், எங்கே என்று கேட்டால் அவனுடைய வேட்டை என்னால் கெடும் என்று நாக்கு மடங்கிக்கொண்டது. சிரித்தேன். ஒரு பாண் துண்டையும் ஒரு போத்தல் தேநீரையும் கொடுத்தேன். அவர் வாங்கி வைத்துவிட்டு, போகாமல் நின்றார். மோட்டார் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் இன்னொரு முறை சிரித்துக் கையை அசைத்தேன். அவரும் கையை அசைத்துவிட்டு விளிம்பை விட்டார்.

தூரமோ என்றாவது கேட்டிருக்கலாம். அதற்கு எங்கள் வீட்டிலேயே அனுமதி இருக்கிறது. தூரம் என்பதற்கான ஆங்கிலச் சொல் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். அது என் தொழிலுக்கே வேண்டிய கேள்வி. நான் தேநீர் வைக்கக் கீழே இறங்கிப் போனேன். திரும்பி வந்தபோது அவர் முனையைத் தாண்டிவிட்டார். வடக்கே திரும்பினாரா, தெற்கே திரும்பினாரா என்றுகூட நான் பார்க்கவில்லை.

அடுத்த நாள் மாலை ஆசிரியையும் வேட்டைக்காரரின் மனைவியும் எங்கள் படகுக்கு வந்தார்கள். அவள் கூடாரத்திலிருந்து திரும்பி வந்து பார்த்திருக்கிறாள், கணவர் இல்லை. ஊரில் ஒருவரும் அவர் போனதைக் காணவில்லை.

"நான் கண்டேன்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. ஆசிரியை அவள் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னார். எந்தப் பக்கம் என்று சொன்னார், எப்போது வருவேன் என்று சொன்னார் என்று கேட்டாள்.

"நான் கேட்கவில்லை."

ஆசிரியைக்கு அது விளங்கவில்லை. திரும்பவும் கேட்டார். திரும்பவும் அதையே சொன்னேன். இங்கே யார் கரையில் நின்றாலும் எங்கே என்று கேட்பார்கள், போகிறவர் சொல்லிவிட்டுத்தான் போவார், அது குழந்தைக்கும் தெரியும் என்றார் அவர். பிறகு கொஞ்சம் தயங்கி, "அவர் நின்றிருப்பாரே, நீங்கள் கேட்கும்வரை?" என்றார்.

"நின்றார்" என்றேன்.

வேட்டைக்காரரின் மனைவி என்னை ஏசவில்லை. அவளுக்குக் கோபம் வந்ததாகவும் தெரியவில்லை. ஒரு மனிதன் புறப்பட்டுப் போகும்போது இன்னொரு மனிதன் எங்கே என்று கேட்காமல் சிரித்துக்கொண்டு நிற்பானா என்று அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அதை எந்த மொழியில் சொன்னாலும் பைத்தியக்காரப் பேச்சாகத்தான் இருக்கும். உங்கள் கணவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் கேட்காமல் விட்டேன் என்று எப்படிச் சொல்வது?

பள்ளிக்கூடத்தில் மேசையில் வரைபடத்தை விரித்தார்கள். அவள் அண்ணன், அவரும் வேட்டைக்காரர்தான், தெற்கே இருந்த ஒரு பெரிய குடாவில் விரலை வைத்தார். எட்டு மணித்தியால ஓட்டம். மோட்டார் சரியானதும் அங்கேதான் போயிருப்பான், இரண்டு வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தான் என்றார்.

நான் எழும்பினேன். அந்தக் கரையில் நான் செய்த ஒரே நேர்மையான காரியம் அதுதான். நான் போட்டது கையுறைத் துண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது, அவர் அவ்வளவு தூரம் போயிருக்கவே முடியாது, மோட்டார் நின்று கிட்ட எங்கேயோ மிதந்துகொண்டிருப்பார் என்றேன். சொல்லும்போது அவமானத்தில் காது சுட்டது. ஆனால் உறுதியாகச் சொன்னேன். அண்ணன் தலையை ஆட்டி மறுத்தார். எத்தனை மணித்தியாலம் என்று ஆசிரியை கேட்டார். அதிகபட்சம் மூன்று என்றேன். மெக்கானிக் சொல்கிறார் என்று எல்லாரும் என் பக்கம் வந்தார்கள். தெற்குக் குடாவில் இருந்த விரல் வரைபடத்தை விட்டு எழும்பியது.

மறுநாள் ஊர்ப் படகுகளும் பெரிய ஊரிலிருந்து வந்த ஹெலிகொப்டரும் நான் சொன்ன வட்டத்துக்குள் தேடின. டாக்டரும் எங்கள் படகை எடுத்துக்கொண்டு போனார். நான் முன்னால் நின்று தண்ணீரையே பார்த்தேன். ஒவ்வொரு கறுத்த பனிக்கட்டியும் படகாகத் தெரிந்தது. மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கி ஹெலிகொப்டர் தரையிலேயே நின்றுவிட்டது. ஆகஸ்ட் கடைசி, இருட்டினால் வாளித் தண்ணீர் உறைகிற காலம். அன்றிரவு நான் படுக்கவில்லை. என் வேலை கெட்டு ஒரு மனிதன் சாகப் போகிறான் என்றுதான் முழு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் காலை மூடுபனி விலகியதும், அவள் அண்ணன் ஒருவரையும் கேட்காமல் ஹெலிகொப்டரில் ஏறி உட்கார்ந்து தெற்கே கையைக் காட்டினார். பெரிய குடாவின் வாயில் பனிக்கட்டிக்குள் இறுகியிருந்த வெறும் படகைத்தான் முதலில் கண்டார்களாம். அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பாறைத் தீவில் அவர் இருந்தார். மோட்டார் எட்டு மணித்தியாலமும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியிருக்கிறது. எண்ணெய் படுவதற்கென்றே செய்த கையுறை ரப்பர் பெட்ரோலில் ஊறவில்லை. தீவில் படகைக் கட்டிவிட்டு மேலே ஏறிய நேரத்தில் பனிக்கட்டி வந்து கயிற்றை அறுத்துப் படகைக் கொண்டு போய்விட்டது. எட்டிப் பிடிக்கப் போய் இடுப்பளவு தண்ணீரில் விழுந்திருக்கிறார். அந்த ஈரச் சப்பாத்தோடு மூன்று இரவு.

ஹெலிகொப்டர் எண்ணெய் போட ஊரில் இறங்கியது. போர்வைகளுக்குள் அவர் முகம் சாம்பலாக இருந்தது. மனைவி தலைமாட்டில் நின்றாள். எனக்குக் கிட்டப் போகத் துணிவில்லை, ஆட்களுக்குப் பின்னால் நின்றேன். அவர் எப்படியோ என்னைக் கண்டுவிட்டார். போர்வைக்குள் இருந்து ஒரு கையை எடுத்துப் பெருவிரலைத் தூக்கினார்.

"மோட்டார் குட்" என்றார். "வெரி குட்."

என்னை யாரும் எப்போதும் அவ்வளவு மோசமாகத் திட்டியதில்லை.

திரும்பி வருகிற வழியில் டாக்டர் என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. என் வேலையைப் பற்றி எனக்கே நம்பிக்கை இல்லாமல் போனதுதான் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. எனக்கு நம்பிக்கை குறையவில்லை, கூடிப்போயிற்று என்பது அவருக்கு விளங்கவில்லை. நான் மட்டும்தான் எல்லாம் அறிந்தவன் என்று நம்பினேன். அந்த ஊர்க்காரன் தன் மைத்துனனைப் பற்றிச் சொன்னதைவிட, நான் ஒரு கையுறையைப் பற்றிச் சொன்னது பெரிதாகப் போயிற்று. அவர் புறப்பட்ட காலையில் ஒரு சொல் கேட்டிருந்தால் இரண்டுமே தேவைப்பட்டிராது.

ஹவுன்ஸ்லோவில் மனைவி கேட்டபோது, நல்ல குளிர், நல்ல சனம் என்று மட்டும் சொன்னேன். மிளகாய்த்தூள் போதுமாக இருந்ததோ என்று கேட்டாள். போதும் என்றேன். பட்டறைக்குப் போனேன், வந்தேன். மோட்டாரின் மாதிரியைச் சொல்லி சரியான பம்புத் தகடு ஒன்றை வாங்கி, டாக்டர் மூலமாக அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து ஆசிரியையின் கடிதம் வந்தது. டாக்டர் அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, எண்ணெய்க் கையோடு நின்ற எனக்கு வாசித்துக் காட்டினார். வேட்டைக்காரரின் இரண்டு பாதங்களையும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் முந்திக் கண்டிருந்தால் கால்விரல்களை எடுப்பதோடு முடிந்திருக்கும் என்று அங்கேயுள்ள டாக்டர் சொன்னாராம். இப்போது கடையில் கதிரையில் இருந்து சாமான் நிறுக்கிறார். படகை மைத்துனர் ஓட்டுகிறார். அனுப்பிய தகடு வந்து சேர்ந்தது, நன்றி, ஆனால் பழைய துண்டு இன்னும் நன்றாக வேலை செய்வதால் அதை மாற்றவில்லை என்று கடைசி வரியில் இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில்தான் எனக்கு அந்தப் பழக்கம் பிடித்தது. மனைவிக்கு விடிகாலை ஷிப்ட். அவள் கோட்டைப் போட்டுக் கதவைத் திறக்கும்போது நான் படுக்கையிலிருந்து எழும்பி வந்து, "எங்கை?" என்பேன். ஒரு வருடத்துக்கு மேலாக ஒரே இடத்துக்குத்தான் போகிறாள், எனக்கும் தெரியும். ஆனாலும் என் வாய் நிற்கவில்லை.

"உங்களுக்கென்ன விசரே? வெளிக்கிடேக்கை பாத்து எங்கை எண்டு கேக்கிறியள்" என்று சத்தம் போட்டுவிட்டு, சப்பாத்தைக் கழற்றி, கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள். பஸ் போய்விடும். இரண்டு முறை சுப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கினாள். மூன்றாம் முறை பஸ்ஸைத் தவறவிட்ட அன்று பின்னேரம் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் எனக்கு முன்னால் வந்து இருந்தாள்.

"எனக்கு ஏலாது. என்ன நடந்தது எண்டு இப்ப சொல்லுங்கோ."

சொன்னேன். கையுறையிலிருந்து பெருவிரல்வரை எல்லாம் சொன்னேன். முடிந்ததும் அவள் எழும்பிப் போய் அரிசி கழுவினாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

மறுநாள் விடிகாலை நான் எழும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். அவள் சப்பாத்துப் போடுகிற சத்தம் கேட்டது, கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சாத்துகிற சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குளிர்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் கேட்கவில்லை.

"நாலாம் டெர்மினலுக்கு" என்றாள். "ரெண்டு மணிக்கு வந்திடுவன்."

அவ்வளவுதான். வேட்டைக்காரரும் அன்றைக்கு அவ்வளவுதான் சொல்லியிருப்பார்.